டான்ஷென் மாத்திரையும் தம்பியின் காலும்: சீன மருந்து தோல் மடலைக் காப்பாற்றுமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். பொகவந்தலாவைப் பக்கம் உங்கள் தம்பி மோட்டார் சைக்கிளில் விழுந்து, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வெளியே தெரியும் அளவுக்குக் காயம். கெண்டைக்காலில் இருந்து தோலையும் சதையையும் திருப்பிக் கொண்டுவந்து அந்த இடத்தை மூடியிருக்கிறார்கள், இதைத்தான் தோல் மடல் என்கிறோம். ஒப்பரேஷன் முடிந்து 12 நாள், வீட்டுக்கும் விட்டாயிற்று. மூடிய தோலின் கீழ் நுனி இரண்டு விரல் அகலத்துக்குக் கறுத்திருக்கிறது. கொழும்பில் சீனக் கம்பனி ஒன்றின் கட்டட வேலையில் இருக்கும் உங்கள் மச்சான், இரத்த ஓட்டத்துக்கு நல்லது என்று டான்ஷென் என்ற சீன மூலிகை மாத்திரை ஒரு போத்தல் கொண்டுவந்து தந்திருக்கிறார். நீங்களும் தேடிப் பார்த்ததில், இந்த மருந்து எலிகளின் தோல் மடலைக் காப்பாற்றியதாகப் பல ஆராய்ச்சிகள் கண்ணில் பட்டிருக்கின்றன. கொடுக்கலாமா? கறுப்பு மேலே ஏறாமல் தடுக்குமா? கூடவே, பிளேன்டி (பால் சேர்க்காத தேத்தண்ணீர்) குடிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சீன மருந்துக்குத் தோல் மடலைக் காக்கும் சக்தி உண்டா என்பது ஒன்று. அந்த ஆராய்ச்சிகளில் வரும் பிரச்சினைதான் இப்போது உங்கள் தம்பியின் காலில் இருக்கிறதா என்பது மற்றது. இந்த இரண்டாவதை அநேகமாக யாரும் கேட்பதில்லை. உங்களுக்குப் பயன்படப் போவது அதற்கான பதில்தான். நான் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன், 19 வருடமாகப் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைப் பிரிவுகளில் வைத்தியராக வேலை செய்கிறேன். சீன மருத்துவம் படித்தவன் அல்ல. அது சம்பந்தமான ஆராய்ச்சிகளை என் தொழிலின் தேவைக்காக வாசித்து வருகிறேன், அவ்வளவுதான். தம்பியின் காலையும் நான் பார்க்கவில்லை. ஆகவே கட்டை அவிழ்த்துப் பார்த்த கிளினிக் டொக்டர் ஒன்று சொல்லி நான் வேறொன்று சொல்வதாக இருந்தால், அவர் சொல்வதையே கேளுங்கள்.

தோல் மடல் என்றால் என்ன என்பது விளங்கினால் மீதி எல்லாம் சுலபம். தேயிலை நர்சரியில் ஓர் இலையும் ஒரு கணுவும் உள்ள துண்டை வெட்டிப் பொலித்தீன் பையில் குத்தி வைக்கிறோம் அல்லவா? அதற்கு வேர் கிடையாது. பையில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சியே அது பிழைக்க வேண்டும். தொடையில் இருந்து மெல்லியதாகச் சீவி எடுத்து ஒட்டும் தோல் இந்த மாதிரி. அடியில் நல்ல சதை இருந்தால் பிடிக்கும். வெறும் எலும்பின் மேல் பிடிக்காது, கல்லில் குத்தி வைத்த துண்டு போல வாடிவிடும். அதனால்தான் எலும்பு தெரியும் காயத்துக்கு மடல் தேவைப்படுகிறது. மடல் என்பது மல்லிகைக் கொடிக்குப் பதியம் போடுவது போன்றது. கொடி தாய்ச்செடியோடு சேர்ந்தே இருக்கும், அதை வளைத்து வேறு இடத்தில் மண்ணுக்குள் அமுக்குகிறோம். புது இடத்தில் வேர் விடும்வரை தாய்ச்செடிதான் சாப்பாடு போடும். மடலும் ஒரு பக்கத்தில் பழைய இரத்தக் குழாய்களோடு ஒட்டியிருக்கும். புது இடத்தில் இருந்து சின்னக் குழாய்கள் உள்ளே வளர்ந்து அது சொந்தக் காலில் நிற்க இரண்டு, மூன்று கிழமை ஆகும். அதுவரை இரத்தம் வரும் அடியில் இருந்து மிகத் தூரத்தில் இருக்கும் நுனிதான் முதலில் தாகத்தால் வாடும். உங்கள் தம்பிக்குக் கறுத்திருப்பதும் அந்த நுனியே.

இனி, நீங்கள் வாசித்த ஆராய்ச்சிகளில் வரும் 'இரத்தம் திரும்பி வரும்போது உண்டாகும் கேடு' என்பது என்ன என்று பார்ப்போம். இரத்தம் வராவிட்டால் உயிரணு சாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். நின்ற இரத்தம் மறுபடி வரும்போதும் ஒரு சேதம் நடக்கிறது. லயத்தில் கரண்ட் போய் இருக்கும்போது டிவிக்கு ஒன்றும் ஆகாது. திரும்பி வரும்போது குப்பென்று ஏறுகிற கரண்டில்தான் அது எரியும். உடம்பில் நடப்பதும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஒட்சிசன் இல்லாத நேரத்தில் உயிரணுக்களுக்குள் சில கழிவுகள் சேர்ந்துவிடும். ஒட்சிசன் திடீரென்று வந்ததும் அவற்றில் இருந்து கண்டதையும் தாக்கும் வீரியமான மூலக்கூறுகள் உருவாகின்றன. வெள்ளை அணுக்கள் ஓடிவந்து நுண்குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன, சுவரும் வீங்குகிறது. பெரிய குழாய் திறந்திருந்தும் நுண்குழாய்களில் இரத்தம் போகாத நிலை வந்துவிடும். சதைக்கு இது சீக்கிரம் வரும், இரத்தம் இல்லாமல் 4 முதல் 6 மணி நேரம் கடந்தாலே ஆபத்து. தோல் அதைவிட நேரம் தாங்கும். நான் சொல்லும் இந்தச் சேதம் இரத்தம் திரும்பிய நிமிடத்தில் தொடங்கி முதல் சில நாட்களுக்குள் முடிந்துவிடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

சீனாக்காரரின் மருந்து என்றதும் கேலி செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. என் துறையில் சீனாவுக்குப் பெரிய இடம் உண்டு. 1963-ல் ஷாங்காயில் சென் சோங்வெய் என்ற வைத்தியர், மிசினில் அகப்பட்டு முழுதாகத் துண்டான ஒரு தொழிலாளியின் கையை மறுபடி பொருத்தினார். தேயிலை ஸ்டோரில் ரோலருக்குள் கை போய்விட்டது என்று யாரையாவது கொண்டுவரும்போதெல்லாம் எனக்கு அந்தக் கை ஞாபகம் வரும். முன்கையில் இருந்து எடுக்கும் மடலுக்கு 'சீன மடல்' என்றே பெயர், 1981-ல் அங்கிருந்துதான் அது வெளியுலகத்துக்குத் தெரியவந்தது. இன்று உலகம் முழுக்கப் பயன்படும் தொடை மடலை 1984-ல் விவரித்து எழுதியவர்களும் சீன வைத்தியர்களே. மூலிகைப் பக்கமும் அப்படித்தான். பழைய சீன மருத்துவ நூலொன்றில் இருந்த குறிப்பைப் பிடித்துக்கொண்டு தூ யோயோ என்ற அம்மையார் மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினின் மருந்தைப் பிரித்தெடுத்தார். 2015-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அவர் இலையை அப்படியே மாத்திரையாக உருட்டிக் கொடுத்துவிடவில்லை. எந்தச் செடி, எந்தச் சூட்டில் வடிப்பது, எந்தப் பொருள் வேலை செய்கிறது, எவ்வளவு கொடுப்பது என்று வருடக்கணக்கில் சோதித்த பிறகுதான் அது மருந்தானது.

டான்ஷென் என்பது சிவப்பு நிற வேர், சல்வியா குடும்பத்துச் செடி. சீன மருத்துவத்தில் 'இரத்தத்தை ஓடவைத்துத் தேக்கத்தைக் கரைக்கும்' மருந்துகள் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. டான்ஷென், சுவான்சியோங் வேர், சான்ச்சி என்ற ஜின்செங் வகை, நம் ஊரில் குசும்பா எனப்படும் பூ எல்லாம் அதில் சேரும். அடிபட்டுக் கன்றிப்போன இடம், நெஞ்சுவலி, பக்கவாதம் என்று எங்கே இரத்தம் தேங்கியதாக அவர்கள் கருதினார்களோ அங்கெல்லாம் இவற்றைக் கொடுத்தார்கள். மடல் கறுப்பதும் இரத்தத் தேக்கம்தானே என்று சீன வைத்தியர்கள் இவற்றை அதற்கும் சோதித்துப் பார்த்தது இயல்பான காரியம். ஆய்வுக்கூடத்தில் இந்த வேர்களின் சத்துகள் நான் மேலே சொன்ன வீரியமான மூலக்கூறுகளைக் குறைக்கின்றன, வெள்ளை அணுக்கள் ஒட்டுவதைத் தணிக்கின்றன, புதுக் குழாய் வளரத் தூண்டுகின்றன. இவை பல ஆய்வுக்கூடங்களில் திரும்பத் திரும்பக் கண்டவை. எலிகளின் மடலில் உயிரோடு இருக்கும் பகுதி கூடுகிறது என்பதும் உண்மைதான். இதுவரை உங்கள் மச்சான் சொன்னதில் பிழையில்லை.

அந்த எலிச் சோதனை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். எலியின் முதுகில் 9 சென்ரிமீற்றர் நீளமும் 3 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள ஒரு நாக்கு போலத் தோலை வெட்டி, வால்பக்கம் மட்டும் ஒட்டியிருக்க விட்டுத் தூக்கி, மறுபடி அதே இடத்தில் தைத்துவிடுவார்கள். 1965-ல் மக்ஃபார்லேன் என்பவர் வகுத்த முறையில் இருந்து வந்தது இது. அகலத்துக்கு மூன்று மடங்கு நீளம் என்பதால் நுனி கட்டாயம் சாகும். மருந்தை வெட்டுவதற்கு முன்போ, வெட்டிய உடனேயோ தொடங்கி, பெரும்பாலும் வயிற்றுக்குள் ஊசியாகத் தினமும் போடுவார்கள். 7-ஆம் நாள் எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று அளந்து கணக்கை முடித்துவிடுவார்கள். எலியின் தோல் நம் தோல் மாதிரி அடியோடு இறுகி இருப்பதில்லை, பூனைக்குட்டியின் கழுத்துத் தோல் மாதிரி தளதளவென்று அசையும். அதற்கடியில் மனிதருக்கு இல்லாத ஒரு மெல்லிய தசைப் படலமும் உண்டு. காயம் ஆறும் விதமே வேறு. தோலைப் பொறுத்தவரை மனிதனுக்கு நெருக்கமான பிராணி பன்றி. பன்றியில் செய்து பார்ப்பது செலவு, அதனால் சோதனைகள் எலியோடு நின்றுவிடுகின்றன. இன்னொன்று, மடலைத் தூக்கித் தைக்கும் இந்த முறையில் நுனிக்கு இரத்தம் குறைகிறதே தவிர, முழுதாக நின்று திரும்பி வருவதில்லை. குழாயைக் கிளிப் போட்டு மணிக்கணக்கில் அடைத்துப் பிறகு திறக்கும் சோதனைகள் வேறு. தலைப்புகளில் இரண்டையும் ஒரே பெயரால் எழுதுகிறார்கள், வாசிப்பவர் குழம்பிப் போகிறார்.

மனிதரிலும் சில பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலும் சீன ஆஸ்பத்திரிகளில், சிறிய எண்ணிக்கையில், ஊசி மருந்தாக, மற்ற மருந்துகளோடு சேர்த்து. எந்த மருந்தால் குணம் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடிதான் அவற்றில் பல இருக்கின்றன. நம்பிக்கை தருகிற சைகை என்று சொல்லலாம். நிரூபணம் என்று என்னால் சொல்ல முடியாது. இதில் சீன மருந்தை மட்டும் தனியாக நிறுத்திக் குறை சொல்வதும் நியாயமில்லை. மேல்நாட்டு மருந்துகள் எத்தனையோ எலியின் முதுகில் ஜெயித்து வோர்ட்டு வாசலில் தோற்றுப்போயிருக்கின்றன. எந்த நாட்டு மருந்தானாலும் சரி, மடலை நிச்சயமாகக் காக்கும் என்று உலகமெங்கும் வழக்கமாகக் கொடுக்கப்படும் ஒன்று இன்றுவரை கிடையாது. மாத்திரைக்கு வேறொரு கஷ்டமும் உண்டு. டான்ஷென் வேரின் முக்கியமான சத்துகளில் ஒன்றான டான்ஷினோன் தண்ணீரில் சரியாகக் கரையாது, வாயால் விழுங்கினால் மிகக் கொஞ்சமே இரத்தத்தில் சேரும். சீனாவிலேயே அதைக் கரையும்படி மாற்றி ஊசியாகப் போடுவது அதனால்தான். எலியின் வயிற்றுக்குள் ஏற்றிய மருந்தும் உங்கள் போத்தலில் இருக்கும் மாத்திரையும் பெயரால் மட்டுமே சொந்தம்.

இப்போது உங்கள் தம்பியின் 12-ஆம் நாளுக்கு வருவோம். இரத்தக் குறைவாலும் அது திரும்பி வருவதாலும் உண்டாகும் சேதம் முதல் சில நாட்களுக்குள் முடிகிற காரியம் என்று சொன்னேன். எலிக்கே 7-ஆம் நாளில் கணக்கு முடிந்துவிடுகிறது. 12-ஆம் நாளில் கறுத்துக் காய்ந்து, நல்ல தோலுக்கும் அதற்கும் நடுவில் கோடு போட்டது போல எல்லை தெரிந்தால், அந்த இடம் முதல் இரண்டு மூன்று நாளிலேயே இறந்துவிட்டது. இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. அதை டான்ஷென் எழுப்பாது, வேறு எந்த மருந்தும் எழுப்பாது. கோட்டுக்கு மேலே இருக்கும் நல்ல தோல் இந்த வேளையில் கீழே இருந்து புதுக் குழாய்களை இழுத்துக்கொண்டு நாளுக்கு நாள் பலமாகிக்கொண்டிருக்கும். ஆக, கறுப்பு மேலே ஏறுவதற்கு இனிமேல் முக்கியமான காரணம் கிருமி. அல்லது உள்ளே தேங்கிய இரத்தமோ சீழோ அமுக்குவது. அல்லது மடலின் அடியில் ஏதாவது அழுத்துவது. இந்த மூன்றில் எதற்கும் அந்த மாத்திரையிடம் பதில் இல்லை. காய்ந்த கறுப்பு அடைக்குப் பயப்பட வேண்டாம். டொக்டர் அதை அப்படியே விட்டு, அடியில் ஆறிய பிறகு தானாக விழும்வரை பொறுக்கலாம். அல்லது வெட்டி எடுத்து மெல்லிய தோல் ஒட்டலாம். அடியில் எலும்பு இருக்கிறதா, தகடு வைத்திருக்கிறதா என்பதைப் பொறுத்து அவர் முடிவு செய்வார்.

பலன் இல்லாவிட்டாலும் கொடுத்துத்தான் பார்ப்போமே என்று தோன்றும். அங்கேதான் நான் உங்களைத் தடுக்கிறேன். கால் ஒப்பரேஷனுக்குப் பிறகு இரத்தம் உறையாமல் இருக்க அஸ்பிரினோ, தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசியோ கொடுத்திருப்பார்கள். சிலருக்கு வாபரின். டான்ஷெனை வாபரினோடு சேர்த்துச் சாப்பிட்டு, இரத்தம் அளவுக்கு மிஞ்சி இளகி, உள்ளே இரத்தம் கசிந்த நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவு உண்டு. இந்த ஆபத்து சந்தேகமில்லாதது. மடலுக்கு அடியில் அரைக் கோப்பை இரத்தம் தேங்கினால் போதும், அந்த அழுத்தமே மேலே இருக்கும் நல்ல தோலைச் சாகடித்துவிடும். காப்பாற்றக் கொடுத்ததே கெடுத்ததாகிவிடும். இன்னொரு ஒப்பரேஷன் தேவைப்பட்டால், முன்கூட்டிச் சொல்லாத மூலிகை மாத்திரையால் மயக்க மருந்து கொடுக்கும் டொக்டரும் சங்கடப்படுவார்.

போத்தலுக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்பது அடுத்த கவலை. பயணப் பையில் வந்த மருந்தை இந்த நாட்டில் யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். பல நாடுகளில் இப்படி வந்த மூலிகை மாத்திரைகளில் ஸ்டீரொய்ட், வலி மருந்து, ஈயம், பாதரசம் எல்லாம் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஸ்டீரொய்ட் காயம் ஆறுவதையே நிறுத்திவைக்கும். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடம்பு மெலியச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் பழுதானது. ஒரு வேருக்குப் பதிலாக அரிஸ்டலோக்கியா என்ற இனத்தின் வேர் கலந்துவிட்டதுதான் காரணம். நம் ஈசுவரமூலியும் அதே இனம், ஆகவே நாட்டு மருந்து என்றால் பயமே இல்லை என்பதும் சரியல்ல. அதேபோல முறிவுக்குப் பத்துப் போடுகிறேன் என்று அரைத்த இலையை யாராவது மடலின் மேல் வைத்துக் கட்ட வந்தால் தயவுசெய்து விடாதீர்கள். கட்டின் இறுக்கம் ஒரு பக்கம், கிருமி மறுபக்கம்.

மடலை எது காப்பாற்றுகிறது என்று கேட்டால், நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஸ்டோரில் ரோலரில் கை நசுங்கிய ஒருவர், 50 வயது இருக்கும். அவருடைய அடிவயிற்று ஓரத்துத் தோலைத் தூக்கிக் கையில் தைத்து, மூன்று கிழமைக்குக் கையை இடுப்போடு சேர்த்து வைத்திருந்தோம். முதல் நாள் இரவு 2 மணிக்குத் தாதி என்னை எழுப்பினார். போய்ப் பார்த்தால் மடல் நாவற்பழ நிறத்தில் வீங்கி இருக்கிறது. விரலால் அமுக்கி விட்டேன், வெளுத்த இடத்துக்கு வழக்கமான 2 செக்கனுக்கும் முன்பே நிறம் பாய்ந்து வந்தது. ஊசி நுனியால் குத்தினால் கறுத்த இரத்தம் உடனே வழிகிறது. அதாவது இரத்தம் உள்ளே போகிறது, வெளியே வர வழியில்லை. கம்பளியை விலக்கினோம். தூக்கத்தில் புரண்டு படுத்ததில் முழங்கை சரிந்து, மடலின் அடி தண்ணீர்க் குழாய் மடங்கியது போல மடங்கிக் கிடந்தது. இரண்டு தலையணையை முட்டுக் கொடுத்துக் கையை நிமிர்த்தி வைத்து, இறுக்கமாக இருந்த இரண்டு தையலை வெட்டிவிட்டோம். 20 நிமிடத்தில் நிறம் திரும்பியது. மூன்று கிழமைக்குப் பிறகு முழு மடலும் உயிரோடு இருந்தது. அந்தத் தாதி ஒவ்வொரு மணிக்கும் டோர்ச் அடித்துப் பார்க்காமல் காலையில் பார்த்திருந்தால், எந்த வேரும் அதைத் திருப்பித் தந்திருக்காது.

நிறம் பார்ப்பதில் நம் ஆட்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. ஆரோக்கியமான மடல் ரோஜா நிறத்தில் இருக்கும் என்று புத்தகத்தில் எழுதியிருப்பது வெள்ளைக்காரத் தோலுக்கு. நம் தோலில் ரோஜாவைத் தேடினால் கிடைக்காது. பக்கத்தில் இருக்கும் தம்பியின் சொந்தத் தோலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். லயத்துக் காம்பராவின் மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் எல்லாமே கறுப்பாகத் தெரியும். பகலில், வாசல் பக்கம் காலை நீட்டவைத்துப் பாருங்கள். புறங்கையை வைத்துப் பார்த்தால் சூடு மற்றக் காலைப் போல இருக்க வேண்டும். கறுப்பு எல்லையில் பேனாவால் ஒரு கோடு போட்டு, தினமும் ஒரே இடத்தில் இருந்து படம் எடுத்து வையுங்கள். கோட்டைத் தாண்டுகிறதா இல்லையா என்ற சண்டை அதோடு தீரும். கோட்டைத் தாண்டினாலோ, கறுப்பு நனைந்து நாற்றம் அடித்தாலோ, சுற்றிலும் சிவந்து சூடேறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, எலும்போ தகடோ தெரிந்தாலோ, கிளினிக் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே கொண்டு போங்கள்.

அடுத்தது குளிர். இது நம் மலைநாட்டுக்கே உரிய பிரச்சினை, கீழ்நாட்டுப் புத்தகங்களில் இதற்கு ஒரு வரிதான் கிடைக்கும். நுவரெலியா 1868 மீற்றர் உயரம், தை மாத விடியலில் புல்லில் உறைபனி படியும். உங்கள் பக்கம் அந்த அளவு இல்லாவிட்டாலும் இரவு நடுங்க வைக்கும். குளிர்ந்தால் தோலின் குழாய்கள் சுருங்கும், மடலின் குழாய்கள் இன்னும் கூடுதலாகச் சுருங்கும். கால் மட்டுமல்ல, ஆளையே சூடாக வைத்திருங்கள். ஸ்வெட்டர், தொப்பி, காலுறை, நல்ல கம்பளி. ஆனால் சுடுதண்ணீர்ப் போத்தலோ கரிச்சட்டியோ காலுக்குக் கிட்டப் போகவே கூடாது. மடலில் உணர்ச்சி இருக்காது, சுட்டால் அவருக்குத் தெரியாது. அருமையாகப் பிடித்த ஒரு மடலை, பாசத்தோடு மகள் வைத்த சுடுதண்ணீர்ப் போத்தல் ஒரே இரவில் கொப்பளிக்க வைத்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை கிளினிக்கில் அழுத அழுகை இன்னும் மறக்கவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது நாங்கள்தான் அதை அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

புகையிலை பற்றிச் சந்தேகமே இல்லை. சிகரெட், பீடி மட்டும் என்று நினைக்காதீர்கள், வெற்றிலையோடு வைக்கும் புகையிலையிலும் அதே நிக்கொட்டின்தான், அதுவும் குழாயைச் சுருக்கும். நோயாளி பார்க்க வரும் பெரியவர்கள் இடுப்பு முடிச்சை அவிழ்த்து ஒரு வாய் வெற்றிலை நீட்டுவது மரியாதை, எனக்கும் தெரியும். காயம் முழுதாக ஆறும்வரை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சாப்பாட்டில் பத்தியம் வைக்காதீர்கள். முட்டை, மீன், இறைச்சி கொடுத்தால் சீழ் பிடிக்கும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். தோல் வளர வேண்டிய நேரத்தில் அவருக்கு வெறும் சோறும் ரசமும் கொடுத்தால் எதை வைத்து வளரும்? தினமும் முட்டை, பருப்பு, நெத்தலி, பால், முடிந்தபோது கோழி. இரத்தத்தின் அளவும் சீனியும் பார்த்தார்களா என்று கிளினிக்கில் கேளுங்கள். தோட்டத்து ஆட்களில் இரத்தச் சோகை கூடுதல், வாலிபர் என்பதால் அதைப் பார்க்காமல் விட வேண்டாம். காலைத் தலையணையில் உயர்த்தி வையுங்கள். தொங்கவிடுவதும் நடப்பதும் டொக்டர் சொல்லும் நாளில், சொல்லும் நிமிடக் கணக்கில் மட்டும்.

இதைக் கேட்டால் யாராவது ஒருவர் கட்டாயம் அட்டை விடச் சொல்வார், அதையும் சொல்லிவிடுகிறேன். மடலில் இரத்தம் தேங்கி நீலம் பாயும்போது மருத்துவ அட்டையை விடுவது உண்மையான சிகிச்சை. 2004-ல் அமெரிக்காவே அதை மருத்துவச் சாதனமாக ஏற்றுக்கொண்டது. அதன் எச்சிலில் இருக்கும் ஹிருடின் இரத்தத்தை உறையவிடாது. நம் சித்த, ஆயுர்வேத வைத்தியத்திலும் அட்டை விடுதல் பழைய முறை. ஆனால் மருத்துவ அட்டை தண்ணீரில் வாழும் வேறு இனம், ஆஸ்பத்திரிக்கென்றே வளர்ப்பது. அப்படி இருந்தும் அதன் வயிற்றுக் கிருமி காயத்தில் சேராமல் இருக்க முன்கூட்டியே மருந்து கொடுக்க வேண்டும். கொழுந்து மலையில் நம் காலில் ஏறும் அட்டை வேறு. மருத்துவ அட்டை விடுவதும் முதல் நாட்களில், இரத்தம் தேங்கும்போது மட்டும் செய்கிற வைத்தியம். கறுத்துக் காய்ந்த நுனியில் அட்டை கடிக்கவும் கடிக்காது.

ஆக, மாத்திரையை இப்போது கொடுக்காதீர்கள். ஏற்கெனவே ஒன்றிரண்டு கொடுத்திருந்தால் மறைக்காமல் கிளினிக்கில் சொல்லுங்கள், யாரும் ஏச மாட்டார்கள். ஏசினாலும் பரவாயில்லை, சொல்லுங்கள். போத்தலையும் மற்ற மருந்துச் சீட்டுகளையும் கையோடு எடுத்துப் போங்கள். மச்சானிடம், இரத்தம் இளகும் மருந்தோடு சேரக்கூடாதாம் என்று சொன்னால் அவருக்கும் மனவருத்தம் வராது, அது முழு உண்மையும்கூட.

பிளேன்டி விஷயம்: நுண்குழாய்களைத் தைத்து இணைக்கும் பெரிய மடல் ஒப்பரேஷன்களுக்குப் பிறகு, தேத்தண்ணீரில் உள்ள கஃபீன் குழாயைச் சுருக்கும் என்று சில டொக்டர்மார் கொஞ்ச நாளைக்கு நிறுத்தச் சொல்வார்கள். அதற்கு ஆதாரம் பலமில்லை, வழக்கமாக வந்தது. உங்கள் தம்பிக்குச் செய்தது அந்த வகை இல்லை, நாளும் 12 ஆகிவிட்டது. கிளினிக்கில் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ஒழிய, காலையில் ஒன்றும் பின்னேரம் ஒன்றும் தாராளமாகக் குடிக்கட்டும். சாப்பாட்டோடு சேர்த்து வேண்டாம், சாப்பாட்டில் இருக்கும் இரும்புச் சத்தைத் தேத்தண்ணீர் உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள்.